புத்தகப் பெட்டி அனுப்புமுன் நூலகரைக் கேளுங்கள்

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாடுகளிலிருந்து ஊருக்குப் போகிறவர்களில் அநேகர் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் ஒரு நடை போவார்கள். வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் படம் எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. 1933 இல் ஒரு தனிமனிதரின் வீட்டில் சில புத்தகங்களோடு தொடங்கி, 1959 இல் சொந்தக் கட்டடம் கண்டு, 1981 மே 31 இரவு சுமார் 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிந்த இடம் அது. ஆனால் ஊரில் நூலகச் சேவை அந்த ஒரு கட்டடத்தோடு முடிவதில்லை. பிள்ளைகள் அன்றாடம் போய் இருந்து படிப்பது பிரதேச சபை, நகர சபை நூலகங்களில். வயதானவர்கள் காலையில் பேப்பர் பார்ப்பது ஊர் வாசிகசாலையில். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து போகும் உதவியும் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான் போகிறது, பல வேளை பிழையான வடிவத்தில்.

முதலில் இரண்டையும் பிரித்து அறிய வேண்டும். சபை நூலகத்தில் நூலகருக்குச் சம்பளம் சபையிலிருந்து வருகிறது. அங்குள்ள கதிரை முதல் கடைசிப் புத்தகம் வரை சபையின் சொத்து. ஆகவே அன்பளிப்புக் கடிதம் தவிசாளருக்கோ செயலாளருக்கோ போக வேண்டும், ஒரு பிரதி நூலகருக்கு. கடிதத்தில் பதவியை எழுதுங்கள், ஆளின் பெயரை எழுதாதீர்கள். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் எவரும் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். முன்னாள் தவிசாளரின் பெயருக்கு எழுதிய கடிதம் அவருடைய வீட்டு மேசையில் கிடந்தால் யாரைக் குறை சொல்வது?

வாசிகசாலை வேறு ரகம். அது சனசமூக நிலையத்தின் ஒரு பகுதி. ஊரவர்கள் பொதுக்கூட்டத்தில் தெரிவுசெய்யும் தலைவர், செயலாளர், பொருளாளர் நடத்துவது. சபையில் பதிவு உண்டு, சில சபைகள் சிறு கொடுப்பனவும் தரும். சம்பளம் பெறும் ஆள் அநேகமாக இல்லை. பக்கத்து அறையில் முன்பள்ளி நடந்தாலும் நடக்கும்.

சபை நூலகத்தின் வருடம் ஜனவரியில் தொடங்குகிறது, ஏனென்றால் பாதீடு ஜனவரி முதல் டிசெம்பர் வரை. புத்தகம் வாங்கும் காசு, பத்திரிகைக் காசு, திருத்த வேலைக் காசு எல்லாம் முந்தின வருடக் கடைசியில் நிறைவேறிய பாதீட்டில் இருக்க வேண்டும். ஓகஸ்டில் ஊருக்குப் போய், "மேல்மாடிக்கு நாங்கள் காசு தருகிறோம், மிகுதியைச் சபை போடட்டும்" என்று கேட்டால் அந்த வருடம் ஒன்றும் நடக்காது. அதே பேச்சை ஓகஸ்டிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வருடப் பாதீட்டில் ஏற வழியுண்டு. சபை பங்கு போட வேண்டிய எந்தத் திட்டத்துக்கும் இதுதான் கணக்கு. நவம்பரில் மின்னஞ்சல் போட்டு அவசரப்படுத்துவதில் பிரயோசனம் இல்லை.

வாசகர் கூட்டம் பரீட்சையைப் பொறுத்தது. தரம் 5 புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் என்று ஏதாவது ஒன்று நெருங்கும்போது படிக்கும் மேசைகள் நிரம்பிவிடும். கொரோனாவுக்குப் பிறகு பரீட்சைக் காலங்கள் வருடத்துக்கு வருடம் இடம் மாறியதால், எந்த மாதம் நெரிசல் என்று பழைய ஞாபகத்தில் சொல்ல முடியாது. அந்த நாட்களில் நூலகத்துக்குத் தேவைப்படுவது புத்தகத்தைவிட இடமும் வெளிச்சமும் காற்றும். வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் பிள்ளைக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரை கிடைப்பதே பெரிய சேவை. நாவல் பகுதியைப் பார்த்து "ஆரும் வாசிக்கிறேல்லை" என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்த மேசைகளையும் ஒருதரம் எட்டிப் பார்க்கலாம்.

ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதம். கட்டுரை, பேச்சு, சித்திரப் போட்டிகள், புத்தகக் கண்காட்சி, பாடசாலைகளுக்குப் புத்தகம் கொண்டுபோதல் எல்லாம் அந்த மாதத்தில் குவியும். பரிசுப் புத்தகங்களுக்குக் காசு தேவைப்படும் நேரம் இது. சிறிய தொகையும் உடனே பயன்படும் இடம் வருடத்தில் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஓகஸ்டில் நூலகரிடம் பேசி, செப்ரெம்பருக்குள் காசு கிடைக்கச் செய்தால் புத்தகம் தெரிந்தெடுக்க அவருக்கு ஒரு மாதம் கிடைக்கும்.

இனிப் பெட்டி விஷயம். கப்பலில் போகும் 20 கிலோ மட்டைப் பெட்டியில் சாதாரணப் புத்தகம் 50, 60 பிடிக்கும். ஓர் ஊர்ச் சங்கம் 20 பெட்டி அனுப்பினால் ஆயிரம் புத்தகம். அது ஊரில் போய் இறங்கிய பிறகு நடக்க வேண்டியதைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பூச்சி பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலில் தேட வேண்டும். நூல் வரவுப் பதிவேட்டில் இலக்கம் போட்டு எழுத வேண்டும். தலைப்புப் பக்கத்திலும், உள்ளே நூலகம் தனக்கென்று வைத்திருக்கும் இரகசியப் பக்கத்திலும் முத்திரை குத்த வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணால் பிரிக்கும் டூயி முறையில் பகுப்பெண் கொடுத்து, முதுகில் ஒட்டி, திகதித் துண்டு ஒட்டி, அட்டவணையில் ஏற்ற வேண்டும். பழகிய கைக்கும் ஒரு புத்தகத்துக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஆயிரத்துக்கு 250 மணித்தியாலம். வேறு எந்த வேலையும் செய்யாமல் ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கருமபீடத்தில் புத்தகம் கொடுத்து வாங்குபவரும் அதே ஆள்தான்.

தமிழ் இலக்கியத்துக்கு டூயி தந்த இடம் 894.811 என்ற ஒரு சின்ன மூலை. கவிதை, நாடகம், நாவல் எல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பகுத்தவர் அவசரப்பட்டால் புத்தகம் இறாக்கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். இலங்கை வரலாறு 954.93, அங்கே தேடுவது சுலபம்.

இடக் கணக்கும் உண்டு. 90 சென்ரிமீற்றர் தட்டில் 30 புத்தகம், ஆறு தட்டு இறாக்கையில் 180. ஆயிரம் புத்தகத்துக்கு ஆறு புது இறாக்கை. புத்தகம் அனுப்புகிறவர்கள் இறாக்கைக்குக் காசு அனுப்புவதில்லை. அதனால் பெட்டிகள் பிரிக்கப்படாமல் ஒரு மூலையில், நிலத்தில், சுவரோடு சாய்ந்து இருக்கின்றன. மட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சும், கறையானுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. முதலில் பெட்டி போகும், பிறகு உள்ளிருப்பது, பிறகு பக்கத்து மர அலுமாரி. அன்பளிப்புப் புத்தகம் நூலகத்தின் சொந்தப் புத்தகத்தைத் தின்பது இந்த வழியில்தான்.

"தேவையில்லாததைக் கழித்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பதிவேட்டில் இலக்கம் ஏறிய புத்தகம் பொதுச் சொத்து. அதைக் கழிக்கக் கணக்கெடுப்பு வேண்டும், சபையின் அனுமதி வேண்டும், கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்தே பல நூலகர்கள் பெட்டியைப் பிரிப்பதில்லை. பிரிக்காத பெட்டிக்குக் கணக்கில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். இங்கிலாந்துப் பாடசாலைப் பாடநூல்கள் ஊர்ப் பாடத்திட்டத்துக்குப் பொருந்தாது. இருபது வருடப் பழைய கணினிப் புத்தகம் எந்தக் கணினிக்கும் உதவாது. தொகுதி குறைந்த கலைக்களஞ்சியம், கடையில் மிஞ்சிய ஆங்கில நாவல், முன்பக்கம் கிழிந்த சஞ்சிகை எல்லாம் ஒரு வீட்டைத் துப்புரவாக்கிய அடையாளம். அங்கே கேட்கப்படுவது கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, புதிய பாடத்திட்ட வழிகாட்டி, பெரிய எழுத்தில் படங்களோடு தமிழ்ச் சிறுவர் நூல், அகராதி. இவை எல்லாம் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்கக்கூடியவை. 2022 இல் தாள் தட்டுப்பாடு வந்து அச்சுச் செலவு ஏறியதிலிருந்து சபையின் அதே காசுக்குக் குறைவான புத்தகமே வருகிறது. கப்பல் கூலியை மிச்சம்பிடித்து, நூலகர் தரும் பட்டியலை ஊர்ப் புத்தகக் கடையில் கொடுத்து, கடை பில்லோடு நூலகத்துக்கு நேரே இறக்கச் சொன்னால் அங்குள்ள பதிப்பாளருக்கும் ஒரு வியாபாரம்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பத்தான் வேண்டும் என்ற சாமான் ஒன்று உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் தமிழில் அச்சாகி ஊருக்கு வராதவை: ஊர்ச் சங்க ஆண்டு மலர், பழைய மாணவர் மலர், இருநூறு பிரதி அடித்த கவிதைத் தொகுப்பு, நின்றுபோன சிற்றிதழ், இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கும் நினைவு மலர். நினைவு மலரை லேசாக நினைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களும் யார் எந்த ஊரில் மணம் முடித்தார் என்பதும் வேறெங்கும் அச்சில் இருக்காது. இவற்றில் இரண்டு பிரதி அனுப்புங்கள், ஒன்று உசாத்துணைப் பகுதிக்கு, மற்றது மின்வருடுவதற்கு. 2005 இலிருந்து இயங்கும் "நூலகம்" என்ற மின்னூலக இணையத்தளம் இப்படியான மலர்களையும் சேர்க்கிறது.

போகிறவர் தானே நூலகத்தைப் பயன்படுத்துவது பற்றிச் சுருக்கமாக. இரவல் எடுக்க அங்கத்துவம் வேண்டும். அதற்கு வதிவிட உறுதியும் சபை எல்லைக்குள் உள்ள ஒருவரின் பிணையும் கேட்பார்கள், மூன்று கிழமை லீவில் போனவருக்குச் சரிவராது. பத்திரிகை பார்க்கவும் உசாத்துணைப் பகுதியில் இருந்து வாசிக்கவும் பெயர் பதிந்தால் போதும். கைப்பையை வாசலில் வைத்துவிட்டுக் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கள். கட்டிய பழைய பத்திரிகைத் தொகுதியைப் போட்டோக் கொப்பி இயந்திரத்தில் அமத்தினால் முதுகு வெடிக்கும். பத்திரிகைத் தாள் அமிலத் தாள், பழுத்த பிறகு மடித்த இடத்தில் முறியும். அனுமதி கேட்டு, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் தொலைபேசியில் படம் எடுப்பது நல்லது.

மாரி தொடங்கினால் ஒரு நூலகத்தின் உண்மையான நிலை தெரியும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை அங்கே மழைக் காலம். கூரை ஒழுக்கு கண்ணுக்குத் தெரியும், சுவர் ஈரம் தெரியாது. இறாக்கை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும், அடித்தட்டு நிலத்திலிருந்து நாலு விரலாவது உயர வேண்டும், புத்தகத்தை இறுக்கி அடுக்கக்கூடாது. மூன்றுக்கும் காசு தேவையில்லை. பூசணம் பிடித்ததை மழை நாளில் துடைத்தால் பரவும். வேறாக்கி, காற்றில் உலரவிட்டு, காய்ந்த பிறகு வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும், முகக்கவசத்தோடு. வெயிலில் காயவைத்தால் மட்டை வளையும். கிழிசலுக்குச் சலோரேப் ஒட்டுவது கெடுதி: சில வருடத்தில் பிளாஸ்ரிக் கழன்றுவிடும், பசை மஞ்சளாய்த் தாளுக்குள் இறங்கும். மெல்லிய தாளும் கோதுமை மாப் பசையும் போதும்.

இராமபாணப் பூச்சியும் புழுவும் கண்ட புத்தகத்துக்கு மருந்து தெளிக்கத் தேவையில்லை. பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, ஆழ் உறைபெட்டியில் இரண்டு கிழமை வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கக்கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டு அறைச் சூட்டுக்கு வந்த பிறகே அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் படியும். ஐஸ்கிறீம் கடைகளுக்குப் பெயர்போன ஊரில் ஓர் உறைபெட்டி இரவல் கிடைக்காமலா போகும்?

வாசிகசாலைக்கு வந்தால், மாடிக் கட்டடங்கள் நிறைய எழும்பியிருக்கின்றன. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்க ஆள் இல்லை. உதயன், வீரகேசரி, தினக்குரல் என்று மூன்று பேப்பர் போட்ட மேசையில் ஒன்றுதான் கிடக்கிறது. திறப்புவிழாக் கல்லில் பெயர் பொறிக்கலாம், பத்திரிகைக் கடைப் பில்லில் பொறிக்க இடமில்லை என்பதாலோ என்னவோ. திறந்து கூட்டி மூட ஓர் ஆளுக்கு மாதக் கொடுப்பனவு, இரண்டு பத்திரிகை, மின்கட்டணம் என்ற மூன்றையும் ஒரு வருடத்துக்குக் கணக்குப் பார்த்து, நிலையத்தின் வங்கிக் கணக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். தனி ஆளின் கணக்குக்கு வேண்டாம். பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போதுதான் காசு எங்கே போனது என்று ஊருக்கும் தெரியும். பொருளாளர் மாறினால் பற்றுச்சீட்டுப் புத்தகம் கைமாறியதா என்றும் ஒருதரம் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் அனுப்பக் கூடிய புத்தகம் இருக்கிறது என்றால், கட்டுமுன் ஒவ்வொன்றின் முன்னட்டையையும் தலைப்புப் பக்கத்தையும் படம் எடுத்து, ஆசிரியர், தலைப்பு, பதிப்பு வருடம், நிலைமை என்று நாலு நிரலில் எழுதி நூலகருக்கு வட்சப்பில் அனுப்புங்கள். அவர் இருநூறில் பன்னிரண்டுக்குச் சரி போட்டால் அந்தப் பன்னிரண்டையும் பயணப் பெட்டியில், உடுப்புக்கு நடுவில் வைத்து, கையோடு கொண்டுபோய்க் கொடுக்கலாம்.