பச்சை டீஷர்ட்டில் நான் சிரிக்கும் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், பச்சை டீஷர்ட் போட்டு, ஒரு வயதான அம்மாவின் கைப்பேசியை எட்டிப் பார்த்துச் சிரித்தபடி நான் நிற்கும் படம் ஒன்று நம் மாவட்டத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதற்குக் கீழே, "கென்யாவில் சிறு விவசாயிகளுக்கான டிஜிட்டல் நிதித் துறையில் செய்த ஆறு மாத இன்டர்ன்ஷிப் என் வாழ்க்கையை மாற்றியது" என்று நான் சொன்னதாக, பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் போட்டிருக்கிறது. படத்தில் இருப்பது நான்தான். அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. ஆறு மாதம் நான் அங்கே இருக்கவும் இல்லை. இருந்தது 23 நாள்.

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தங்கை யாரிடமோ என் எண்ணை வாங்கி அழைத்தாள். "அக்கா, நீங்க போயிருக்கீங்கன்னு பாத்துதான் எங்க வீட்ல சம்மதிச்சாங்க. நாளைக்குப் பணம் கட்டப் போறோம்" என்றாள். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு எழுபது சென்ட் ரப்பர். விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவார். மழை விடாமல் பிடித்தால் வெட்டு நிற்கும், வருமானமும் நிற்கும். அந்த நாட்களில் ஷீட் எடுக்கும் கடையில் முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கியதாலேயே அந்தக் கடைக்காரர் சொன்ன விலைக்கு ஷீட்டைக் கொடுப்பார். இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் எம்.பி.ஏ. படிக்கும்போது, மழை அளவைக் கணக்கில் வைத்து நேராகக் கணக்குக்கு நஷ்டஈடு அனுப்பும் பயிர்க் காப்பீடு, நில அடமானம் கேட்காமல் கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தைப் பார்த்துக் கொடுக்கும் சிறுகடன் என்றெல்லாம் பாடத்தில் வந்தபோது மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. 2007-இல் கென்யாவில் தொடங்கிய எம்-பேசா என்ற கைப்பேசிப் பணச் சேவையைப் பற்றித்தான் ப்ராஜெக்ட் செய்தேன். இணையம் இல்லாத சாதாரண பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம், வாங்கலாம். பேசா என்றால் சுவாஹிலி மொழியில் பணம். எங்கள் பக்கத்திலும் பணத்தைப் பைசா என்றுதானே சொல்வோம். கேட்டதுமே சொந்த ஊர்ச் சொல்லாகப்பட்டது.

இந்த ஆசையைத்தான் அந்த நிறுவனத்தார் பிடித்தார்கள். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வந்த படிவத்தை நிரப்பினேன். மறுநாளே நாகர்கோவிலில் ஒரு மாடி அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். வீடியோ நேர்காணல் பன்னிரண்டு நிமிடம். என் ப்ராஜெக்டைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. பாஸ்போர்ட் இருக்கிறதா, அப்பா என்ன செய்கிறார், பணம் எப்போது கட்ட முடியும், இவ்வளவுதான் கேட்டார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். மாதம் 450 டாலர் உதவித்தொகை, விவசாயிகளோடு களப்பணி, முடிவில் சான்றிதழ் என்று கடிதம் வந்ததும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கட்டியதைச் சொல்கிறேன். பதிவுக்கு 9,500 ரூபாய். 'இட உறுதி' என்று 1,35,000. விசா என்று 14,000. தங்குமிட முன்பணம் 40,000. ஆக 1,98,500. விமான டிக்கெட் 62,000 தனி. அம்மாவின் ஐந்து பவன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து எடுத்ததும், அப்பா சீட்டு பிடித்ததும் சேர்ந்துதான் இந்தப் பணம். பெரிய தொகை போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் கணக்குக்கு. கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. மிச்சமாகும்மா, உங்களுக்குத்தானே லாபம்" என்றார்கள்.

விசா விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவை எடுத்துவிட்டு, மின்னணுப் பயண அனுமதி என்று கொண்டு வந்திருக்கிறது. அரசு இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், கட்டணம் சுமார் 30 டாலர். என்னிடம் வாங்கியது 14,000. அதை விட மோசம், வருகையின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டிருந்தார்கள். பயிற்சிக்கு வருபவர்களுக்கு அந்நாட்டுக் குடிவரவுத் துறை தனி அனுமதி வைத்திருக்கிறது. அதைக் கேட்டபோது, "போய் இறங்கினதும் மாத்திக்கலாம், ஏர்போர்ட்ல யாராவது கேட்டா டூரிஸ்ட்னு சொல்லுங்க" என்றார்கள். ஒரு நிறுவனம் உங்களை இன்னொரு நாட்டின் வாசலில் நின்று பொய் சொல்லச் சொன்னால், அங்கேயே நின்றுவிடுங்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது நாம், அவர்கள் அல்ல.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் அவர்கள் வாய் திறக்கவில்லை. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஷார்ஜாவில் இருக்கும் மாமா மகன் சொல்லித்தான் தெரிந்தது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். உண்மையிலேயே ஆளை அனுப்பும் இடம் இதை முதல் நாளே சொல்லியிருக்கும்.

நைரோபியில் இறங்கியதும் கசரானி என்ற பகுதியில் ஒரு பிளாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு அறை, ஏழு பெண்கள். கடிதத்தில் இருந்த வெஸ்ட்லாண்ட்ஸ் முகவரிக்கு நானே ஒரு நாள் போய்ப் பார்த்தேன். நாள் கணக்கில் மேசை வாடகைக்கு விடும் இடம் அது. எங்கள் நிறுவனத்தின் பெயரே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வேலை? பிளாட்டின் கூடத்தில் உட்கார்ந்து, தமிழ்நாடு, கேரளா, ஆந்திராவின் கல்லூரி மாணவர்கள் பெயர்ப் பட்டியலை வைத்துச் செய்தி அனுப்புவது. "நான் இப்போது நைரோபியில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன், நீங்களும் வரலாம்" என்று எழுத வேண்டும். பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் எங்களுக்கு ஒரு பங்கு. 450 டாலர் உதவித்தொகை என்றது அந்தப் பங்கைத்தான். கடிதத்தில் பொடி எழுத்தில் 'செயல்பாட்டைப் பொறுத்து' என்று இருந்ததை நான் படித்திருந்தேன். அதன் பொருள் இதுவென்று தெரியாது.

களப்பணி ஒரே ஒரு நாள். லிமுரு பக்கம் தேயிலை பயிரிடும் ஊருக்கு வேனில் கூட்டிப் போனார்கள். அரை ஏக்கர் தேயிலை வைத்திருந்த ஒரு அம்மா, கொழுந்துக்கான பணம் போனுக்கு வருவதையும், அதிலிருந்தே உரக் கடைக்குக் கட்டுவதையும் பொறுமையாகக் காட்டினார். நான் அப்பாவின் ரப்பரைப் பற்றிச் சொன்னேன், மழைக்கு அவர்களும் எங்களைப் போலவே பயப்படுகிறார்கள். இருபது நிமிடம் இருக்கும். நான் போனதற்கு அந்த இருபது நிமிடம்தான் மிச்சம். அந்தச் சிரிப்பு உண்மையானது. அதைத்தான் படம் எடுத்து விளம்பரம் ஆக்கிவிட்டார்கள்.

முதல் வாரம் நானும் செய்தி அனுப்பினேன். இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியின் ஒரு பகுதி, களப்பணி அப்புறம் தொடங்கும் என்று நம்பி பதினொரு பேருக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் விவரம் புரிந்ததும் பதினொரு பேரையும் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவன் அதற்குள் 9,500 கட்டியிருந்தான். அந்தப் பணத்தை என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். அவனுடைய அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன்.

இனி அனுப்ப மாட்டேன் என்று சொன்னதும் பேச்சு மாறியது. அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். ஆந்திராவைச் சேர்ந்த ஒரு பெண் முன்பே கொடுத்திருந்தாள். நான் கொடுக்கவில்லை; நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போவேன் என்று சொன்ன பிறகு அவளுடையதும் திரும்பி வந்தது. பிறகு, "இங்க பிடிக்கலைன்னா தாய்லாந்துல நல்ல சம்பளத்துக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை இருக்கு, டிக்கெட் நாங்க போடுறோம்" என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது. தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப் போய் மியான்மருக்குள் கடத்தி, இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைப்பதைப் பற்றி நம் வெளியுறவு அமைச்சகம் 2022-லேயே எச்சரித்திருக்கிறது. உடன் இருந்தவர்களில் இரண்டு பேர் அரை மனதாக இருந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசித்தான் அவர்களைத் தடுத்தோம்.

டிக்கெட் தேதியை மாற்ற மாமா மகன் பணம் அனுப்பினான். திருவனந்தபுரத்தில் இறங்கியபோது அப்பா வெளியே நின்றார். "மக்ளே, பைசா போனா போட்டு. நீ வந்து சேந்தியே, அது போதும்" என்றார். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

நாகர்கோவில் போலீசில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொன்னேன், ஆனால் மாதங்கள் கடந்திருந்தன. பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் அந்தக் கணக்கை முடக்க நல்ல வாய்ப்பு. யாராவது நேற்றோ இன்றோ கட்டியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போட்டிருக்கிறேன். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இமைக்ரேட் அரசு இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இதைக் கேட்டால், "இது வேலை இல்ல, இன்டர்ன்ஷிப், அந்தச் சட்டம் வராது" என்பார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். அந்தப் பதில் வந்தாலே விலகிவிடுங்கள். கென்யாவில் கைப்பேசிக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு 2022 முதல் அந்நாட்டு மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை வங்கியே வெளியிடுகிறது. எங்களைப் பயிற்சிக்கு 'ஏற்கும் நிறுவனம்' என்று காட்டிய பெயர் அதில் இல்லை. போகும் முன்பு பார்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

இந்தத் துறையே மோசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விவசாயக் கடன், கிராமத்து நிதி பற்றிப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு நபார்டு வங்கி மாணவர் பயிற்சித் திட்டம் நடத்துகிறது. பணம் வாங்குவதில்லை, உதவித்தொகை கொடுக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம், ஆள் எடுப்பதில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

மார்த்தாண்டத்துத் தங்கை பணம் கட்டவில்லை. ஆனால் படம் இன்னும் சுற்றுகிறது. உங்கள் குழுவில் வந்தால் எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த மாத விசாரணையில் அதைக் கொடுக்க வேண்டும்.