பழைய ஜீப்பைப் பட்டறையில் விடுகிறவர்கள் கவனத்துக்கு: போல்ட் தலையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ஏற்காட்டிலும் சேலத்திலும் இன்னும் பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் மலையிறங்கும்போது எனக்கும் அப்பாவுக்கும் நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் என்ன செய்தார்கள், அதை எப்படி மறைத்தார்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லியாக வேண்டும்.

எங்கள் வண்டி 1988 மாடல் மகிந்திரா ஜீப். நாகலூர்ப் பக்கம் நாலு ஏக்கர் காபித் தோட்டம், ஊடே மிளகு. காபி மூட்டை, உர மூட்டை, ஆட்கள், ஆஸ்பத்திரி அவசரம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வண்டிதான். எங்கள் ஊரில் இரும்பு துருப்பிடிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. மழை விட்டால் பனி, பனி விட்டால் மேகம் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வரும். போதாததற்குப் பொட்டாஷ் உரம். மூட்டை கிழிந்து சிந்துவதும் ஒருவகை உப்புதானே. ஈரத்தோடு சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒட்டினால் அரித்துவிடும். துரு என்பது இருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிற பொருள். மரைக்குள் அது ஊதிக்கொண்டால் நட்டும் போல்ட்டும் ஒரே கட்டியாகிவிடும். பழைய வண்டியில் பாதி வேலை இந்தக் கட்டியைப் பிரிப்பதுதான்.

முன்பக்க ஸ்பிரிங்கின் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் உறை) தேய்ந்து போய், குழியில் இறங்கினால் 'டொக்' என்று சத்தம். என்ஜின் புகை வெளியேறுகிற மேனிஃபோல்ட் குழாயின் கேஸ்கட்டிலும் புகை கசிந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் சேலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். முதலாளி அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் வந்து வண்டிய எடுத்துக்குங்கக்கா."

"போல்ட்டெல்லாம் இறுகிக் கெடக்குங்களே, எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டாமுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"நாங்க பாக்காத ஜீப்புங்களா? நீங்க இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க, சின்னக்கடை வீதிப் பக்கம் போயிட்டு வாங்க."

போனோம். அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிற போல்ட்டை ஒரே பகலில் கழற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கழற்றப் போவதில்லை, வெட்டப் போகிறார் என்றுதான் அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

ஆறு மணிக்குத் திரும்பினால் வண்டி கழுவி நிற்கிறது. அடியில் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. கிட்டே போனால் பெயின்ட் வாசனையோடு ரப்பர் கருகிய நாற்றம். அப்பா கேட்டதற்கு, "பிரேக் பாத்தோம், அந்த வாசம்" என்றார்கள். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு: ஸ்டட் (தலையில்லாத போல்ட்) புதுசு, ஸ்பிரிங் போல்ட் புதுசு, புஷ் செட், கூலி, மொத்தம் 14,600 ரூபாய். பட்டறைப் பெயரும் இல்லை, பில் நம்பரும் இல்லை. பழைய சாமான்களைக் கேட்டேன். "ஸ்கிராப்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்கள். காலையில் கழற்றிய சாமான் சாயங்காலத்துக்குள் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்பதை நம்பிப் பணத்தைக் கொடுத்தோம்.

மலையேறும்போதே என்ஜின் பக்கம் 'டுப் டுப்' என்று சத்தம். ஏரிக்கரை வருவதற்குள் எனக்குத் தலைவலி, வண்டிக்குள் புகை நெடி. போன் போட்டால், "புது கேஸ்கட், செட்டாக நாலு நாள் ஆகும்" என்றார்கள்.

ஒன்பதாம் நாள் எட்டு மூட்டை காபியை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா இரண்டாவது கியரைவிட்டு மாற்றவே மாட்டார். பதினோராம் வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினதும் கால்மாட்டில் 'டங்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி ஸ்டீரிங் தானாக இடதுபக்கம் இழுத்தது. அப்பா இரண்டு கையாலும் வலதுபக்கம் பிடித்துத் தொங்கினார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. கீழேயிருந்து ஏறி வந்த அரசுப் பஸ் டிரைவர் இறங்கி ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டார். "சாமி காப்பாத்துச்சும்மா" என்று அவர் சொன்னபோதுதான் என் கை நடுங்குவதை நான் பார்த்தேன். இடதுபக்க முன்சக்கரம் மூன்று விரற்கடை பின்னால் தள்ளி நின்றது.

அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் எஸ்டேட் லாரி ஓட்டி, எஸ்டேட் ஜீப்புகளைப் பிரித்துக் கோத்தவர். எனக்கு மாமா முறை. வண்டியை இழுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, டார்ச்சோடு அடியில் படுத்தார். ஸ்குரூ டிரைவரால் அந்தப் புது கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினார். "இங்க வந்து பாரும்மா" என்றார். நானும் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன்.

ஸ்பிரிங்கைச் சேஸோடு கோக்கிற பிராக்கெட்டில் போல்ட் ஓட்டை வட்டமாகவே இல்லை. கேஸ் கட்டிங் தீ பட்டு முட்டை வடிவத்தில் உருகி, ஓரமெல்லாம் கசடு. அந்தப் பெரிய ஓட்டைக்கு மேல் ஒரு வாஷரை வைத்து இரண்டு பொட்டு வெல்டிங். அதன் வழியாக ஒரு ஒல்லி போல்ட். அது நடுவில் வளைந்து, நட்டுப் பக்கம் அறுந்து கிடந்தது. உள்ளே புஷ் ரப்பர் பாதி கரி. இதற்கு மேல்தான் பெயின்ட்.

வலதுபக்கத்தில் அவர்கள் கை வைக்கவே இல்லை. அங்கே இருந்த பழைய போல்ட் பதினாறில் ஒன்பது இஞ்ச், அதாவது 14.3 மில்லிமீட்டர். தலையைத் தேய்த்துப் பார்த்தால் மூன்று கோடு. இஞ்ச் போல்ட்டில் மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. மில்லிமீட்டர் போல்ட்டில் கோட்டுக்குப் பதில் 8.8, 10.9 என்று எண் அடித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது எத்தனை மெகாபாஸ்கல் இழுவை தாங்கும் என்று கிடைக்கும். எங்கள் வண்டியில் மாட்டியிருந்தது 12 மில்லிமீட்டர், தலை மொட்டை. கோடும் இல்லை, எண்ணும் இல்லை. ஹார்டுவேர் கடையில் கேட் மாட்டக் கொடுப்பார்களே, அந்தச் சாதா போல்ட்.

மாமா சொன்னதைக் கேட்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடிமன் 14.3 இருக்க வேண்டிய இடத்தில் 12 என்றால் வெட்டுப்பரப்பில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடுகிறது. கிரேடு 5 தாங்குவது சுமார் 830 மெகாபாஸ்கல். சாதா போல்ட்டை 4.6 ரகம் என்றே வைத்துக்கொண்டாலும் 400தான். இரண்டையும் சேர்த்தால் இருக்க வேண்டிய பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே இருந்தது. அதை நம்பி எட்டு மூட்டையோடு இரண்டு பேர் மலையிறங்கியிருக்கிறோம்.

வெட்டினது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. பிராக்கெட்டுக்கும் ஸ்பிரிங்கின் சுருட்டு முனையான காதுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தால் பிராக்கெட்டில் ஒரு கீறல் விழாது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் கை வலிக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க கேஸைக் காட்டி சேஸையே கெடுத்து, அதைச் சொல்லாமல் பெயின்ட் அடித்து மூடியதுதான் என்னால் பொறுக்க முடியாதது. "அக்கா, ஓட்டை போச்சு, பிராக்கெட் மாத்தணும், இன்னும் ரெண்டாயிரம் ஆகும்" என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்போம்.

மேனிஃபோல்டிலும் இதே கதை. ஸ்டட் ஒன்று என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் முறிந்திருக்கிறது. நடுவில் துளை போடாமல் ஓரமாகப் போட்டு, முறிந்ததைத் திருகி எடுக்கிற ஈஸி அவுட்டை விட்டுத் திருகியிருக்கிறார்கள். அதுவும் உள்ளே முறிந்துவிட்டது. ஈஸி அவுட் கெட்டி எஃகு, சாதா டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கு மேல் எம்-சீல் பசையைப் பிசைந்து அடைத்து, ஒரு போல்ட் தலையை அறுத்து ஒட்டியிருந்தார்கள். மேனிஃபோல்ட் சூட்டில் அது கருகி உதிர்ந்துவிட்டது. வண்டிக்குள் வந்த புகை அந்த வழியாகத்தான். முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுவில் வெல்டிங் விட்டிருந்தால் அந்தச் சூட்டிலேயே துரு விட்டுக்கொடுத்திருக்கும், நட்டோடு சேர்த்துத் திருகி எடுத்திருக்கலாம். இப்போது ஹெட்டையே இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறோம்.

வலதுபக்கப் போல்ட்டின் நட்டை மாமா எப்படிக் கழற்றினார் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது கழன்றது. அதே வண்டி, அதே வயசு, அதே துரு.

முதல்நாள் கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையைத் தேய்த்தார், வேறொன்றும் செய்யவில்லை. அப்புறம் பவர் ஸ்டீரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி ஒரு பாட்டிலில். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகக் கலக்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். டபிள்யூடி-40 ஸ்பிரே வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். இருந்தால் விடலாம், ஆனால் ஊடுருவுவதற்கு இது மேல் என்றார். (அது 1953ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது, பெயரில் உள்ள டபிள்யூவும் டியும் அதைத்தான் குறிக்கின்றன.) காலையும் மாலையும் நாலு சொட்டு, விட்டதும் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் லேசாகப் பத்துத் தட்டு. இப்படி மூன்று நாள்.

மூன்றாம் நாள் ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனரை மாட்டினார். பன்னிரண்டு பட்டை மூலையை மழித்துவிடும் என்று அதைத் தொடவிடவில்லை. எல்லோரும் கழற்றுகிற பக்கம்தானே முதலில் இழுப்போம்? அவர் இறுக்குகிற பக்கம் ஒரு முடி அளவு திருப்பினார். 'கிரீச்' என்று உள்ளே ஒன்று உடைகிற சத்தம். "விட்டுருச்சு" என்றார். பிறகு கால் சுற்று கழற்றி, பாதியைத் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. மரை இடுக்கிலிருந்து செங்கல் பொடியைக் குழைத்த மாதிரி சிவப்புச் சேறு நட்டின் ஓரமாக வழிந்தது. துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தோம். நட்டு கையோடு வந்தது. நீளமான போல்ட் குழாயோடு ஒட்டித்தான் இருந்தது. அதை ஆக்ஸாவால் அறுத்தார். பிராக்கெட் ஓட்டை புதுசு மாதிரி வட்டமாக இருந்தது.

சூடு காட்ட வேண்டி வந்தால் நட்டை மட்டும் காட்ட வேண்டும், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அசிட்டோன் விட்ட இடத்தில் தீயே கூடாது. பிரேக் ஹோஸ், டீசல் டியூப் பக்கத்திலும் கூடாது. செக்கச் சிவக்கக் காய்ந்த போல்ட் பதம் போனது, அதைத் திரும்ப மாட்டக் கூடாது.

அறுந்த போல்ட்டையும் கருகிய புஷ்ஷையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "பழைய வண்டின்னா இப்படித்தாங்க்கா இருக்கும்" என்றார் முதலாளி. பில்லைக் காட்டினேன். அதில் தன் பட்டறைப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நல்லவேளை, பணத்தில் பாதியை அப்பா போனில் அனுப்பியிருந்தார். அந்த வரவு முதலாளி பெயரிலேயே இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்கெல்லாம் அங்கே கட்டணம் கிடையாது, ஐந்து லட்சம் வரைக்கும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டால் போதும். முத்திரையோடு பில் வாங்கியிருந்தால் எனக்கு இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது.

சமீபத்தில் எந்தப் பட்டறையிலாவது ஸ்பிரிங் வேலை பார்த்திருந்தால், நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் டார்ச்சோடு அடியில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் அவசியம் பாருங்கள். ஸ்பிரிங் போல்ட் தலை கோடோ எண்ணோ இல்லாமல் மொட்டையாக இருக்கிறதா, வாஷரில் வெல்டிங் பொட்டு இருக்கிறதா, அந்த ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் வண்டியை மலையிறக்காதீர்கள். தனியாகப் பார்க்கத் தெரியாது என்றால் நாகலூருக்கு வாருங்கள், மாமா வாசலில் கட்டையும் ஸ்டாண்டும் இருக்கிறது, நானும் கூடப் படுத்துப் பார்க்கிறேன்.