வெளியீட்டுக்கு டேக் போதுமா, தனிப் பிராஞ்ச் வேண்டுமா?

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ அரிசி ஆலைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் சிறு குழுவுக்கு, நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் ஒவ்வொரு வெளியீட்டையும் டேக்காக (ஒரு நிலைக்கு இடும் பெயர்ச்சீட்டு) குறிப்பதா, தனிப் பிராஞ்சாக (தனியே வளரும் கிளை) பிரிப்பதா என்ற தயக்கம் இயல்பானது.

செலவு: இரண்டுமே ஒரு கமிட்டை, அதாவது சேமித்த மாற்றப் பதிவொன்றை, சுட்டும் சிறு குறிப்புகள், இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நிலைத்தன்மை: டேக் வைத்த இடத்திலேயே நிற்கும். பிராஞ்ச் புதிய கமிட் சேரும்தோறும் நகர்வதால், மார்ச்சில் கடைக்காரருக்குக் கொடுத்தது எது என்பதற்கு அது மட்டும் விடை சொல்லாது.

பராமரிப்பு: இங்கே பிராஞ்சின் கையே ஓங்குகிறது. 2.0 பதிப்பில் ஜிஎஸ்டி கணக்குப் பிழை தெரியவந்தால், பாதியில் நிற்கும் 3.0 வேலைகள் கலந்துவிடாமல் அதை மட்டும் திருத்தி 2.0.1 என அனுப்பலாம். ஆனால் அத்திருத்தத்தை முதன்மைப் பிராஞ்சிலும் மறவாமல் சேர்க்கும் உழைப்பு கூடவே வரும்.

எளிமை: டேக் சுலபம். எனினும் வழக்கமான புஷ் கட்டளை அதைச் சர்வருக்கு அனுப்பாது. தனியே அனுப்ப வேண்டும்.

வாடிக்கையாளர் அனைவரும் ஒரே பதிப்பில் இருந்தால் டேக் போதும். தேவைப்படும் நாளில் பழைய டேக்கிலிருந்தே பிராஞ்ச் பிரித்துக்கொள்ளலாம். அம்பாசமுத்திரத்தில் ஒரு பதிப்பும் வள்ளியூரில் வேறொன்றும் ஓடினால், பதிப்புத் தொடருக்கு ஒரு பிராஞ்சும் அதில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு டேக்கும் வைப்பதே தகும். பிராஞ்சுக்கும் டேக்குக்கும் ஒரே பெயரை மட்டும் இட வேண்டாம்.