கடை டொமைனிலிருந்து அனுப்பும் மெயில் திரும்பி வருகிறதா? ஜோஹோ மெயில் பற்றி ஒரு மதிப்பீடு

"550 5.7.26" என்ற எண்ணோடு மெயில் திரும்பி வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் கடிதத்தைத்தான் திருத்துகிறார்கள். தலைப்பை மாற்றுவார்கள், படத்தை எடுப்பார்கள், பில்லின் பிடிஎஃப்பைச் சுருக்குவார்கள். பலிக்காது. அந்த எண்ணுக்கும் கடிதத்தில் எழுதியிருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கடையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கும் மெயில் உண்மையிலேயே கடையிலிருந்து வந்ததா என்பதற்கு அத்தாட்சி இல்லை, அதனால் உள்ளே விடவில்லை என்று ஜிமெயில் சொல்கிறது. அத்தாட்சி இருக்கவேண்டிய இடம் உங்கள் டொமைனின் டிஎன்எஸ், அதாவது அந்தப் பெயருக்கான வெப்சைட், மெயில் விவரங்களை 'ரெக்கார்டு'களாகப் பதிந்து வைக்கும் இணையக் குறிப்பேடு. சொந்த டொமைன் பெயரில் மெயில் பெட்டி தரும் சேவையான ஜோஹோ மெயிலை இங்கே எடைபோடுவதும் அதை வைத்துத்தான்: சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் மதுரைப் பக்கத்துச் சிறு நிறுவனத்துக்கு, மெயில் திரும்பி வருவதை இது நிறுத்துமா?

நிறுத்தும். ஆனால் கணக்குத் திறந்த கையோடு நின்றுவிடாது. பாதி வேலை ஜோஹோவுக்கு வெளியே கிடக்கிறது.

விளக்குத்தூண் ஜவுளிக்கடை, கீழமாசி வீதி மொத்த வியாபாரி, சிம்மக்கல் ஆடிட்டர் ஆபீஸ், மேலூர் கிரானைட் ஏற்றுமதியாளர் என்று யாரை எடுத்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனையும் ஹோஸ்டிங்கையும் (வெப்சைட் இருக்கும் வாடகை சர்வர்) சேர்த்து வாங்கிக் கொடுத்திருப்பார். அந்த ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகமான சிபேனலிலேயே 'இன்ஃபோ', 'சேல்ஸ்' என்று இரண்டு முகவரி. பல வருஷம் அது ஓடியது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கின. ஒரு நாளைக்குப் பத்து மெயில் அனுப்புகிறவரும் எஸ்பிஎஃப் (யார் அனுப்பலாம் என்ற சர்வர் பட்டியல்), டிகிம் (மெயிலில் விழும் முத்திரை) இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்; ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர் இரண்டையும் வைத்து, டிமார்க்கும் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற கொள்கை) போட வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இதையே கேட்கத் தொடங்கியது.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகளின் மெயில் வெளியே போகும். அவற்றில் ஒரு பழைய வேர்ட்பிரஸ் தளத்தை யாராவது உடைத்து ஸ்பேம் அனுப்பினால், அந்த ஐபி தடுப்புப் பட்டியலில் ஏறும். அப்புறம் நீங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உங்கள் கொட்டேஷனும் சேர்ந்து திரும்பும். இதற்கு உங்கள் பக்கத்தில் மருந்து கிடையாது, இடம் மாறுவதுதான் வழி. சரி, ஆபீஸிலேயே ஒரு கம்ப்யூட்டரை மெயில் சர்வராக்கி வீட்டு பிராட்பேண்டில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அந்த இணைப்புகளின் ஐபிகளை, தடுப்புப் பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியல் 'நேரடியாக மெயில் அனுப்பக்கூடாதவை' என்றே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் ரெக்கார்டையும் உங்களால் மாற்ற முடியாது. அது இல்லாவிட்டால் ஜிமெயில் 5.7.25 என்று திருப்பும்.

ஜோஹோ மெயிலுக்கு மாறினால் இந்த ஐபி, பிடிஆர் தலைவலி இரண்டும் போய்விடுகிறது. அது ஜோஹோவின் பொறுப்பு. இலவசத் திட்டத்தில் ஒரு டொமைன், ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. பிரவுசரிலும் ஜோஹோவின் மொபைல் ஆப்பிலும் மட்டும் பார்க்கலாம். வேறு மென்பொருள் மெயில் பெட்டியைத் திறக்கும் வழிகளான ஐமேப், பாப் கிடையாது என்பதால் அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ இணைக்க முடியாது. இது சின்னக் குறையாகத் தெரியலாம். ஆடிட்டர் ஆபீஸுக்குச் சின்னதில்லை, அங்கே எல்லாமே அவுட்லுக்கில்தான். அவர்களும், டாலியிலிருந்து நேராக பில் அனுப்புகிறவர்களும் ஆளுக்கு மாதம் நூறு ரூபாய்க்குள் முடிகிற மெயில் லைட் திட்டத்தை எடுப்பதே சரி. போனில் மட்டும் பார்த்துப் பதில் போடும் கடைக்காரருக்கு இலவசமே போதும்.

கணக்குத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று: டொமைனின் டிஎன்எஸ் எங்கே இருக்கிறது? டொமைன் வாங்கிய இடம், ஹோஸ்டிங், கிளவுட்ஃபிளேர் என்று மூன்று பலகங்கள் இருக்கலாம். டொமைனின் டிஎன்எஸ் எங்கே என்று சொல்லும் நேம்சர்வர் எதைக் காட்டுகிறதோ அங்கே எழுதினால்தான் செல்லும். மற்ற இரண்டிலும் எத்தனை முறை எழுதினாலும் தண்ணீரில் எழுதியது மாதிரிதான். "ரெக்கார்டு போட்டு மூன்று நாளாச்சு, இன்னும் வரவில்லை" என்ற புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வெப்சைட் செய்தவரிடமே எல்லாப் பாஸ்வேர்டும் இருந்தால், அதை வாங்கி டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே தொடங்குங்கள். வரும் மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு; மாற்றத்துக்கு முந்தின நாளே அதன் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் பழைய மதிப்பை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்துவிட்டால் மாறுகிற நேரம் சுருங்கும். சிபேனலில் வழக்கமாக இருக்கும் 14400 என்றால் நாலு மணி நேரம்.

ஜோஹோ முதலில் டொமைன் உங்களுடையதுதானா என்று ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு கேட்கும். அது முடிந்ததும், எம்எக்ஸைத் தொடுவதற்கு முன்பாகவே, பழைய முகவரிகள் அத்தனையையும் ஜோஹோவில் உருவாக்கிவிட வேண்டும். 'அக்கவுண்ட்ஸ்' என்ற முகவரியை மறந்துவிட்டு மாற்றினால், அதற்கு வரும் மெயிலெல்லாம் 5.1.1 என்று அனுப்பியவருக்கே திரும்பும். அடுத்து மூன்று எம்எக்ஸ் ரெக்கார்டுகள், முன்னுரிமை 10, 20, 50. பழைய ஹோஸ்டிங்கின் எம்எக்ஸை அழித்துவிடுங்கள். அதுவும் கூடவே இருந்தால் வரும் மெயிலில் கொஞ்சம் அங்கே போய் விழும். இந்தியாவில் திறந்த கணக்குக்கு எம்எக்ஸ் சர்வர் முகவரிகள் டாட் இன் என்று முடியும், வெளிநாட்டு வழிகாட்டி வீடியோக்களிலோ டாட் காம். எதையும் வீடியோவிலிருந்து எடுக்காமல், உங்கள் அட்மின் கன்சோல் காட்டும் மதிப்பை அப்படியே காப்பி செய்யுங்கள்.

அதிகமாகக் கெடுவது எஸ்பிஎஃப். இந்த டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல் அது. ஹோஸ்டிங் கம்பெனி ஏற்கெனவே ஒன்றைப் போட்டிருக்கும். ஜோஹோ சொன்னதையும் அதன் கீழே தனி ரெக்கார்டாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் வாங்குகிற சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காது, 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்று இரண்டையும் ஒதுக்கிவிடும். போட்டதால் முன்பைவிட மோசமாகிறது. சேர்க்கும் முறை இது: தொடக்கத்தில் 'எஸ்பிஎஃப்1' என்ற ஒரே தலைப்பு, நடுவில் ஜோஹோவின் இன்க்ளூட் (அதன் சர்வர்களையும் சேர்த்துக்கொள் என்ற குறிப்பு), வெப்சைட்டும் மெயில் அனுப்பினால் ஹோஸ்டிங்கின் இன்க்ளூட் அல்லது ஐபி, கடைசியில் மற்ற எல்லா சர்வர்களையும் குறிக்கும் ஒரே ஒரு 'ஆல்'. அந்த ஆலுக்கு முன்னால் டில்டா இருக்கலாம், மைனஸ் இருக்கலாம். பிளஸ் மட்டும் கூடவே கூடாது. பிளஸ் போட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். இன்னொரு வரம்பும் உண்டு. இந்தப் பட்டியலைப் படிக்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்படக் கூடாது. ஒரு இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் கணக்கில் சேரும். எப்போதோ முயன்றுவிட்டு நிறுத்திய சேவைகளின் பெயர்களை இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள்.

டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் விழும் முத்திரை. அட்மின் கன்சோலில் டொமைனைத் திறந்து, டிகிம் பகுதியில் ஒரு செலக்டர் பெயர் கொடுத்தால் நீளமான சாவி ஒன்று வரும். அதை டெக்ஸ்ட் ரெக்கார்டாகப் போட வேண்டும். 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டின் உச்சவரம்பே 255 என்பதால் சில பழைய பலகங்கள் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சேமித்த பிறகு கடைசி எழுத்து வரை இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பலகம் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் 1024 பிட் சாவியை எடுக்கலாம். பெயர்க் கட்டத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. பல பலகங்கள் டொமைன் பெயரைத் தாமே ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப்பெயரை எழுதினால் டொமைன் இரண்டு முறை வந்து, யாருமே தேடாத இடத்தில் ரெக்கார்டு உட்கார்ந்திருக்கும். டிஎன்எஸ்ஸில் போட்டதோடு விடாமல் ஜோஹோவுக்குத் திரும்பி வந்து 'வெரிஃபை' அழுத்துங்கள்.

எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் எது முக்கியம் என்றால் டிகிம்தான். வாடிக்கையாளர் தன் ஆபீஸ் மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வேர்டு செய்து வைத்திருந்தால், நடுவில் இருக்கும் சர்வரின் ஐபி உங்கள் பட்டியலில் இருக்காது, எஸ்பிஎஃப் தோற்றுவிடும். கடிதத்தை யாரும் திருத்தாத வரை டிகிம் முத்திரை அப்படியே போய்ச் சேரும்.

டிமார்க்குக்கு ஒரு வரி போதும். 'அண்டர்ஸ்கோர் டிமார்க்' என்ற பெயரில், கொள்கை 'நன்' (எதையும் தடுக்காதே) என்றும், அறிக்கை வரவேண்டிய முகவரியையும் சேர்த்துத் தொடங்குங்கள். கூகுள் போன்றவை உங்கள் பெயரில் எந்த ஐபியிலிருந்து எத்தனை மெயில் வந்தது என்று தினமும் அறிக்கை அனுப்பும். சில வாரம் அதைப் பார்த்து, எல்லாம் உங்களுடையவைதான் என்று தெரிந்த பிறகு 'குவாரண்டைன்' (ஸ்பேமில் போடு) ஆக்கலாம். முதல் நாளே 'ரிஜெக்ட்' (உள்ளே விடாதே) போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் மறந்துபோன பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று எங்காவது உங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் "வெப்சைட்டில் வாடிக்கையாளர் நிரப்பும் படிவம் மட்டும் வரவில்லை" என்று நிற்பவர்கள் அதிகம். காரணம் இரண்டு. வெப்சைட் இன்னும் பழைய ஹோஸ்டிங்கில் இருக்கிறது. அந்த சர்வர், இந்த டொமைனின் மெயில் தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்து, எம்எக்ஸைப் பார்க்காமல் பழைய பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொள்கிறது. சிபேனலில் 'இமெயில் ரூட்டிங்' என்ற இடத்தில் லோக்கல் என்பதை 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்று மாற்ற வேண்டும். ஒரே சொடுக்கு, ஆனால் ஜோஹோ பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாத இடம். இரண்டாவது, படிவம் வாடிக்கையாளரின் முகவரியையே 'ஃப்ரம்' இடத்தில் வைத்து அனுப்புகிறது. அவர் யாஹூ முகவரி கொடுத்தால் முடிந்தது கதை, ஏனென்றால் யாஹூவின் டிமார்க் 2014 முதலே 'ரிஜெக்ட்'. ஃப்ரமில் உங்கள் டொமைன் முகவரியும் 'ரிப்ளை டு'வில் வாடிக்கையாளர் முகவரியும் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால், மெயில் கணக்கில் லாகின் செய்து அனுப்ப வைக்கும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு ஜோஹோ வழியாகவே அனுப்ப வைத்தால் டிகிம் முத்திரையும் கிடைக்கும்.

டாலியில் வரும் பிழைகள் வேறு. போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் டிஎல்எஸ். 535 வந்தால் லாகின் தவறு. இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது, ஜோஹோவில் தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். 553 'ரிலேயிங் டிஸ்அலவ்டு' வந்தால், லாகின் செய்த முகவரி ஒன்று, ஃப்ரமில் இருப்பது வேறொன்று. 'சேல்ஸ்' முகவரியில் லாகின் செய்துவிட்டு 'அக்கவுண்ட்ஸ்' பெயரில் பில் அனுப்பினால் ஜோஹோ விடாது. அது நல்லதுக்குத்தான்.

சோதிக்கச் செலவில்லை. ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் இல்லை, டிமார்க் ஃபெயில் என்று வந்தால், மெயில் ஹோஸ்டிங்கின் பெயரில் பாஸாகியிருக்கிறது, உங்கள் பெயரில் இல்லை. வெப்சைட் படிவம், டாலி, போன் மூன்றிலிருந்தும் தனித்தனியாக அனுப்பிப் பார்ப்பது அவசியம். ஒன்று பாஸானால் மற்றதும் பாஸாகும் என்று அர்த்தமில்லை. பழைய ஹோஸ்டிங் மெயில் பெட்டியில் கிடப்பதை ஐமேப் வழியாக இறக்கிக்கொள்ளும் வரை அந்தக் கணக்கை ரத்து செய்யாதீர்கள்.

ஜோஹோ மெயில் எதற்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழா தள்ளுபடி, ஆடி ஆஃபர் என்று இரண்டாயிரம் பேருக்கு ஒரே மூச்சில் அனுப்புவது இந்தப் பெட்டியின் வேலை இல்லை. அப்படி அனுப்பினால் ஜோஹோவே வெளியே போகும் மெயிலை நிறுத்திவைக்கலாம். வாங்குகிறவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் 'ஸ்பேம்' அழுத்தினாலே கூகுள் வைத்திருக்கும் 0.3 சதவீத எல்லை வந்துவிடும். ஆர்டர் உறுதி, ஓடிபி போன்ற தானியங்கி மெயிலுக்கு ஜோஹோவிலேயே ஜெப்டோமெயில் தனியாக இருக்கிறது. விளம்பரத்துக்கு வேண்டியவை வேறு: விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியல், விலகும் வசதி, டொமைனுக்கு முன்னால் 'ஆஃபர்' போன்ற சொல் சேர்ந்த ஒரு தனி சப்டொமைன், அதற்கென்று தனி எஸ்பிஎஃப், டிகிம். விளம்பரத்தால் அந்தப் பெயர் கெட்டாலும், கோயம்புத்தூர் மில்லுக்குப் போகவேண்டிய கொட்டேஷன் பாதிக்கப்படும் வாய்ப்பு இப்படிப் பிரித்து வைத்தால் வெகுவாகக் குறையும்.