ஆட்டோகிராஸுக்கு ஸ்விஃப்ட்டா, போலோ ஜிடியா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பையன்கள் முதல் ஆட்டோகிராஸுக்கு, அதாவது கூம்புகள் வைத்த தடத்தைக் குறைந்த நேரத்தில் ஓட்டி முடிக்கும் கார் போட்டிக்கு, கிளம்பும்போது கேட்பது இதைத்தான். காகிதத்தில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட போலோ ஜிடி டிஎஸ்ஐ கைதான் ஓங்கியிருக்கும்: 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 2018-இல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு 83, 113 மட்டுமே. ஆனால் ஸ்விஃப்ட் 900 கிலோவுக்குள், போலோ 1100 கிலோவுக்கு மேல்.

கூம்புகளுக்கு நடுவே அந்த 200 கிலோ நன்றாகவே தெரியும். மண் தரையில் பெரும்பாலும் இரண்டாம் கியர்தான். ஸ்டியரிங்கை ஒடித்து ஹேண்ட்பிரேக்கைச் சுண்டினால் ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் சட்டென்று சுற்றிவரும். கிளட்ச்சை மிதித்து ஆர்பிஎம்மை (எஞ்சின் சுழலும் வேகத்தை) விடாமல் வைத்திருந்து, அப்படியே கிளம்பலாம். 1.2 டிஎஸ்ஐ போலோ ஆட்டோமேட்டிக்; அதில் கிளட்ச் பெடலே கிடையாது. மூக்கும் கனம் என்பதால் திருப்பத்தில் வெளியே தள்ளும்.

அப்புறம் வகுப்பு, அதாவது எஞ்சின் சிசியை வைத்து வண்டிகளைப் பிரிப்பது. டர்போ பெட்ரோல் எஞ்சின் சிசியை 1.7-ஆல் பெருக்கும் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) கணக்கைப் பின்பற்றும் போட்டியென்றால், 1197 சிசி போலோ 2000-ஐத் தாண்டி பெரிய வண்டிகளோடு மோதவேண்டும். அதே 1197 சிசி ஸ்விஃப்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி நேர்ப்பாதை உள்ள தார்த்தளம் என்றால் போலோவைத் தாராளமாக எடுக்கலாம். மண்ணுக்கு ஸ்விஃப்ட்தான், மிச்சமாகும் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.