1815 என்று சொல்லி 1813-ஐ விற்றார்கள்: பழைய அமெரிக்க வெள்ளி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் வார இறுதியில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்குப் போகிற நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இது. போன இலையுதிர் காலத்தில் அப்படி ஒரு கண்காட்சியில் 2,600 டாலர் கொடுத்து ஓர் அரை டாலர் வாங்கினேன். அது போலி என்று சொன்னால் முழுசாகச் சரியில்லை. வெள்ளி அசல், எடை அசல், அடித்ததும் பிலடெல்பியா நாணயச் சாலைதான். ஆண்டு மட்டும் பொய்.

நான் பத்து வருடமாகச் சேர்ப்பது கேப்ட் பஸ்ட் அரை டாலர். 1807-இல் ஜான் ரைக் வடிவமைத்தது, தொப்பி போட்ட லிபர்ட்டி ஒரு பக்கம், கழுகு மறுபக்கம், 1836 வரை விளிம்பில் எழுத்தோடு வந்தது. இந்த வரிசையில் 1815 எல்லாரும் தேடுகிற வருடம். அந்த ஆண்டு போட்டு வந்தவை 47,150 மட்டும்தான். 1816 ஜனவரியில் நாணயச் சாலையில் தீப்பிடித்ததால் அந்த வருடம் வெள்ளி நாணயமே அடிக்கவில்லை. 1813-இலோ பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் அடித்திருக்கிறார்கள், அது சுலபமாகக் கிடைக்கும். இரண்டுக்கும் கடைசி இலக்கம்தான் வித்தியாசம், விலையில் பல மடங்கு இடைவெளி. இந்த இடைவெளியில்தான் என்னை ஏமாற்றினார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயதானவர், நிதானமாகப் பேசினார். நாணயம், அசலா என்று சோதித்துத் தரம் (கிரேட்) குறிக்கும் கிரேடிங் நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில் இல்லை, வெறும் அட்டையில் 'வி.எஃப். 30' என்று பென்சிலால் எழுதியிருந்தது, ஓரளவு தேய்ந்தாலும் நல்ல நிலை என்கிற தரம் அது. ஒரு குடும்பத்தின் பழைய சேகரிப்பிலிருந்து நேராக வந்தது, அதனால்தான் விலை குறைவு என்றார். தராசு கேட்டேன், கொடுத்தார். 13.4 கிராம், இருக்க வேண்டிய 13.48-க்குப் பக்கத்தில், தேய்மானத்துக்கு அது போகும். விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன், 'பிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்' ஒழுங்காக இருந்தது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றிவிட்டது. இப்போது யோசித்தால், அசல் 1813-ஐ எடுத்துக் கை வைத்திருக்கும்போது எடையும் விளிம்பும் சரியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

ஒரு சந்தேகம் அங்கேயே வந்தது. 1815 அரை டாலர் எல்லாமே 5-க்கு அடியில் 2 உள்ளது, அதாவது 1812 அச்சில் 2-இன் மேல் 5-ஐ அடித்து அதையே பயன்படுத்தினார்கள். அடியில் 2 இல்லாத 1815 என்று ஒன்று கிடையாது. தேய்ந்த நாணயத்தில்கூட அந்த 2-இன் மிச்சம் பெரும்பாலும் லென்ஸில் தெரியும். இதில் தெரியவில்லையே என்று கேட்டேன். "அது வீக் ஸ்ட்ரைக், இந்த வருடத்து நாணயத்தில் சகஜம்" என்றார், அதாவது அச்சு அந்த இடத்தில் அழுத்தமாகப் பதியவில்லை என்று. நான் தலையாட்டிவிட்டேன்.

இந்த 'வீக் ஸ்ட்ரைக்' சமாதானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பஸ்ட் அரை டாலர் விற்பவர்கள் கிரேடை ஏற்றிச் சொல்வதற்கும் இதையேதான் எடுக்கிறார்கள். சரியாக அடிபடாத இடம் என்பது உண்மைதான், கழுகுக்கு மேலே உள்ள பட்டையில் 'ஈ ப்ளூரிபஸ் யூனம்' ஒரு பாதி மட்டும் மங்கி மறுபாதி தெளிவாக நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். ஆனால் அப்படி மங்கும்போது அது ஒரு பகுதியாக மங்கும், பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து குறையும். என் நாணயத்தில் 1, 8, 1 மூன்றும் கூர்மையாக இருந்தன, கடைசி இலக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் இல்லை. தேய்மானம் வேறு மாதிரி, கன்னம், புருவத்துக்கு மேல் உள்ள முடி, தோள் பக்கத்துக் கொக்கி என்று எது உயரமோ அதைத்தான் முதலில் வழிக்கும். இரண்டுமே அந்த ஒற்றை இலக்கத்துக்குப் பொருந்தவில்லை. அங்கே ஏதோ கருவி பட்டிருக்கிறது. அதை மறைக்கத்தான் நாணயத்துக்குக் கருநீல நிறம் ஏற்றியிருந்தார்கள், தேதியைச் சுற்றித்தான் அது மிகக் கறுப்பாக இருந்தது. அதை வயதின் அழகு என்று நினைத்து ரசித்தேன்.

கிரேடிங்குக்கு அனுப்பினேன். உறையில் போடாமல் அப்படியே திரும்பி வந்தது, 'தேதி மாற்றப்பட்டது' என்ற குறிப்போடு.

அப்புறம்தான் உட்கார்ந்து முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அந்தக் காலத்தில் ஒவ்வோர் அச்சிலும் நட்சத்திரம், எழுத்து, எண் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கையால் அடித்துப் பதித்தார்கள், அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல இருக்காது. அந்த இடைவெளிகளை வைத்துத்தான், முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஓவர்டன் பட்டியல் எண் கொடுக்கிறோம், மொத்தம் சுமார் 450 அச்சு ஜோடிகள். 1815-க்கு உள்ளது ஒரே ஜோடி, ஓ-101. அப்படியானால் எந்த 1815-உம் அந்த ஒரு ஜோடியோடு நட்சத்திரத்துக்கு நட்சத்திரம், எழுத்துக்கு எழுத்து பொருந்தியே தீர வேண்டும். என்னுடையது முன்பக்கத்திலும் பொருந்தவில்லை, பின்பக்கத்திலும் பொருந்தவில்லை, இரண்டு பக்கமும் ஒரு சாதாரண 1813 ஜோடியோடு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. கைப்பேசியில் ஒரு நல்ல படம் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ரகம், அதாவது அச்சு ஜோடி, பார்ப்பது அபூர்வ ஜோடி தேடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், தேதியை மாற்றுகிறவனால் பதின்மூன்று நட்சத்திரத்தையும் நகர்த்த முடியாது.

அடுத்த மாதக் கண்காட்சியில் அவரைப் பிடித்தேன். குறிப்பைக் காட்டினேன். கண்காட்சி விற்பனையைத் திரும்ப எடுப்பதில்லை என்றார், நான்தான் நாணயத்தை மாற்றியிருப்பேன் என்றும் சொன்னார். ரசீதில் 'அரை டாலர், ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது, ஆண்டும் இல்லை, ரகமும் இல்லை. கொடுத்ததும் ரொக்கம். கண்காட்சி நடத்துகிறவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

ரசீதில் ஆண்டு, அச்சு ஜோடி, 'அசல் இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப' என்ற மூன்றையும் எழுதித் தர மறுக்கிறவரிடம் உறையில்லாத 1815 வாங்காதீர்கள். யாருக்காவது இந்த மாதிரி ஒன்று காட்டப்பட்டால், வாங்குவதற்கு முன்னால் இரண்டு பக்கப் படமும் தேதியின் நெருக்கப் படமும் எனக்கு அனுப்புங்கள், ஓ-101-ஓடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. அட்டையில் '1813, தேதி மாற்றப்பட்டது' என்று அழியாத மையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.