ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் அகராதிச் செயலி

மொழிபெயர்ப்பு எனக்குச் சோறு போடும் வேலை. எட்டு மாதமாக ஒரு ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியைக் காசு கட்டிப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். மீதி இரண்டையும் பறித்தது ‘சர்ப்ரைசிங்லி’ என்ற ஒரு சொல்.

தேடினால் ‘ஆச்சரியமாக’ என்று வருகிறது. அவ்வளவுதான், எடுத்துக்காட்டு ஒன்றுகூட இல்லை. ‘அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்’ என்றால் ஆச்சரியப்பட்டவள் அவள். ஆங்கிலத்தில் அதற்கு ‘இன் சர்ப்ரைஸ்’. ‘சர்ப்ரைசிங்லி’ என்றால் ஆச்சரியம் பெரும்பாலும் சொல்கிறவருடையது. செயலியை நம்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அப்புறம், சொல் நிற்கும் இடம். ‘சர்ப்ரைசிங்லி, ஹி சேங் வெல்’ என்று முதலில் வந்து காற்புள்ளியும் விழுந்தால், அவன் நன்றாகப் பாடினான் என்ற செய்தியே எதிர்பாராதது. ‘ஹி சேங் சர்ப்ரைசிங்லி வெல்’ என்றால், பாடுவான் என்று தெரியும், இவ்வளவு நன்றாகப் பாடுவான் என்றுதான் தெரியாது. இதைப் பற்றிச் செயலியில் மூச்சே இல்லை.

இதில் நான் சூடுபட்டவன். ஒருவர் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு, மனதாரப் பாராட்டுவதாக நினைத்து ‘சர்ப்ரைசிங்லி குட்’ என்று எழுதினேன். “மோசமாக இருக்கும் என்று நினைத்தீர்களோ?” என்று பதில் வந்தது. தமிழில் ‘அட, நன்றாக எழுதியிருக்கிறீர்களே!’ என்று சொன்னாலும் இதே முள் குத்தும். உண்மையில் அந்தக் கடைசி ‘ஏ’தான் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருக்கமான தமிழ். ஓர் எழுத்தை அகராதியில் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். சரி, ‘நினைத்ததைவிட’ என்றாவது போட்டிருக்கலாம். ‘நினைத்ததைவிடச் சுலபம்’, ‘நினைத்ததைவிட நன்றாக’ என்று பாதி இடங்களில் அது கச்சிதமாகப் பொருந்தும்.

‘நாட் சர்ப்ரைசிங்லி’ என்று தேடினால் வெறும் திரை. ‘எதிர்பார்த்தபடியே’ என்று ஒரு சொல் போட என்ன செலவு?

உச்சரிப்பு மட்டும் அருமை. முதல் ஆர் ஒலிக்காது, ‘சப்ரைசிங்லி’ என்றுதான் கேட்கிறது; இத்தனை வருடமாக நான் அதைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். சொல்லின் வேரும் கொடுத்திருக்கிறார்கள்: பழைய பிரெஞ்சில் ‘சுர்பிராந்த்ர்’, திடீரென வந்து பிடித்துக்கொள்வது. பொருளில் கஞ்சத்தனம் காட்டிவிட்டு வேருக்கு மட்டும் எங்கிருந்து இந்தத் தாராளம் வந்ததோ.

‘பிழை தெரிவிக்க’ பொத்தானை அழுத்தி மேலே சொன்ன அத்தனையையும் எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது, ஆங்கிலத்தில்: உங்கள் கருத்து பயனுள்ளது, பரிசீலிக்கிறோம். அதற்குப் பிறகு இரண்டு முறை செயலியைப் புதுப்பித்துவிட்டார்கள். நேற்றும் தேடிப் பார்த்தேன். ‘ஆச்சரியமாக’.